ரெண்டு தட்டுனா போலாம்

ஒரு தட்டு தட்டுனா நிக்கணும். ரெண்டு தட்டு தட்டுனா போலாம். எங்க ரோட்டுல ஓடுற பிரைவேட் பஸ்சுக்கெல்லாம் இதான் பாஷை. விசில் இருக்கும், கண்டக்டர் கழுத்துல கயிறு கட்டி தொங்கும். ஆனா கூட்டத்துல அவரு எங்கனா மாட்டிக்கினு இருப்பாரு, பாட்டு வேற அலறிக்கினு இருக்கும், விசில் ஊதுனா யாரு காதுலயும் வுழாது. அதனால படிக்கட்டுல யாரு நிக்கிறாங்களோ அவங்களே தகரத்துல தட்டிடுவாங்க. காலேஜ் பசங்க தட்டுவாங்க. எளநி விக்கிறவரு தட்டுவாரு. நானே எத்தினியோ வாட்டி தட்டியிருக்கேன். கடைசியா எறங்குறவங்க கீழ காலு வெச்சதும் ரெண்டு தட்டு தட்டிட்டுப் போறது எங்க ஊரு பழக்கம்.

எங்கம்மா அந்த ரெண்டு தட்டுலதான் செத்துச்சு.

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போறதுக்கு பெரிய ரோடு இருக்குது. அதுல வண்டிக்கி பஞ்சமே இல்ல. எங்க ஊரு அதுல இல்ல. உள்ள திரும்பி, ஏரிக்கரையப் புடிச்சி, நாலஞ்சு ஊரு சுத்திக்கினு போற ரோடு எங்களது. முன்ன அதுல ஒரே ஒரு கவர்மெண்ட் பஸ்தான். ஓட்ட வண்டி. மழ பேஞ்சா உள்ளயும் பேயும். ஆனா காலையில வரும், மத்தியானம் வரும், சாயங்காலம் வரும். ஏறுறதுக்கு ஆளே இல்லன்னாலும் காலியா வந்துட்டு காலியாப் போவும். அப்ப நாங்க அத்தக் கிண்டல் பண்ணுவோம், காத்து ஏத்திக்கினு போறான் பாருன்னு.

அப்பறம் பிரைவேட் வண்டி வந்துச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டும் வேற வேற மொதலாளி. மொத நாளு ஊரே ரோட்டுல நின்னுச்சு. மாலை போட்டு, தேங்கா ஒடைச்சி, டிரைவருக்கு துண்டு போத்துனாங்க. உள்ள டிவி, கலர் லைட்டு, சாமி படத்துக்கு மேல மின்னுற பல்பு. எங்கம்மாவும் என்னைக் கூட்டிக்கினு போயி சும்மா ஏறி எறங்கிப் பாத்துச்சு. "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுடி"ன்னுச்சு.

கவர்மெண்ட் பஸ்சு அதுக்கப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுது. இன்னிக்கி டிரைவர் வரல. இன்னிக்கி வண்டி ரிப்பேரு. அப்பறம் மத்தியான டிரிப்பே இல்ல. கேட்டா, கலெக்சன் இல்லம்மா, அதான் ரெண்டு பிரைவேட் ஓடுதே, அதுல வாங்கன்னாங்க. வர்ற ஒரு டிரிப்பும் லேடீஸ்க்கு டிக்கெட் கெடையாதுன்றதால பொம்பளைங்களா நிக்கிறத பாத்தா டிரைவர் ஸ்டாப்பத் தாண்டிப் போயி தூரமா நிறுத்துவாரு. நாங்க கூடைய தூக்கிக்கினு ஓடுவோம். எங்கம்மா ஓடிக்கினே சொல்லும், "ஓசின்னா ஓடித்தான் புடிக்கணும் போலடி."

அம்மா அவிச்ச மல்லாட்ட விக்கும், வேர்க்கடலைதான். விடிகாலையில அவிச்சி, அலுமினிய குண்டான்ல கொட்டி, ஈரத்துணி போட்டு மூடி, தலையில வெச்சிக்கினு போயி திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ ஒக்காந்துக்கும். எங்கப்பா நான் சின்னதா இருக்கும்போதே எங்கள வுட்டுட்டுப் போனவரு. அதனால வூட்ல நானும் அதும்தான். நான் எட்டாவதோட நின்னுட்டேன். ஹை ஸ்கூலுக்குப் போற நேரத்துக்கு பஸ்சு இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பஸ்சு இல்லாதது பாதிதான் காரணம், படிப்பு ஏறாதது மீதி. இப்ப செருப்பு கம்பெனில ஒட்டுற வேல. கம்பெனி வேன் சாயங்காலம் என்ன மேம்பாலத்தாண்ட எறக்கி வுடும். அம்மா அங்க காத்துக்கினு இருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா வூட்டுக்கு வருவோம்.

கவர்மெண்ட் வண்டிய நம்ப முடியாததால நாங்களும் பிரைவேட் வண்டிக்கி மாறிட்டோம். அதுல எங்கம்மாவுக்கும் கண்டக்டருக்கும் தெனம் சண்ட. குண்டானுக்கு லக்கேஜ் போடுவாரு.

"மல்லாட்டைக்கும் டிக்கெட்டா? அப்ப அதுக்கு ஒரு சீட்டு குடு, ஒக்கார வெக்கிறேன்."

"யக்கா, குண்டானுக்கு வேணா வுட்டுர்றேன். உன் வாய்க்கி தனி டிக்கெட் போடணும்."

"போடு. திரும்பி வரும்போது அரை டிக்கெட்டுதான். வாயி காஞ்சிருக்கும்."

சண்ட போட்டுட்டு ஒரு கை மல்லாட்டைய அள்ளி அவரு டிக்கெட் பையில போட்டுட்டு வரும். கெட்ட மனுசன் இல்ல அவரு.

இந்த ரெண்டு வண்டி ஓடுற கதைய சொல்றேன். முன்னாடி வண்டி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு உருட்டிக்கினு, ஆளப் பொறுக்கிக்கினு போவும். பின்னாடி வண்டிக்கி ஆளே கெடைக்காது. அவன் காண்டாகி நெருக்கிக்கினு வருவான். கண்ணாடில அவன் மூஞ்சி தெரிஞ்சதும் இவன் மிதிப்பான். கலெக்சன் நல்லா இருந்தாதான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படிக்காசு. மொதலாளி சாயங்காலம் வாசல்லயே நிப்பாராம். அதனால கூட்டம் இருக்குற நேரத்துல ரெண்டும் ஒண்ணா வரும். கூட்டம் இல்லாத நேரத்துல ரெண்டும் வராது. பௌர்ணமின்னா சொல்லவே வேணாம். ரெண்டும் திருவக்கரைக்குத் திரும்பிடும். சாமி பாக்குற கூட்டம் அங்க இருக்குதுல்ல. எங்க ஊரு ஆளுங்க பௌர்ணமி அன்னிக்கி எங்கயும் போவாம இருக்கப் பழகிக்கினாங்க.

அன்னிக்கி நான் வேன்ல இருந்து எறங்கும்போது அம்மா சிரிச்சிக்கினு நின்னுச்சு. மல்லாட்ட பூரா வித்துடுச்சு. எப்பயும் அடியில கொஞ்சம் மீந்துடும், அத்த ராத்திரி நாங்க கொரிப்போம். "இன்னிக்கி குண்டானக் கழுவவே வேணாம்டி, தொடைச்சி எடுத்துட்டானுங்க"ன்னுச்சு. கருவாடு வாங்கி வெச்சிருந்துச்சு. கேப்பக் களி கிண்டி கருவாட்டுக் கொழம்பு வெக்கிறேன்னு சொல்லிச்சு.

பஸ்சு வந்துச்சு. செம கூட்டம். முன்னாடி படில ரெண்டு பேரும் ஏறப் போனோம். கண்டக்டரு, "யக்கா, குண்டானெல்லாம் பின்னாடி"ன்னாரு. அம்மா என்னப் பாத்து, "நீ முன்ன ஏறி எடம் புடி, நான் பின்னால வர்றேன்"னுச்சு. அதான் கடைசி. எனக்கு இஞ்சினாண்ட ஒக்கார எடம் கெடைச்சுது. சூடு காலைச் சுட்டுது. வழி பூரா பின்னாடி வண்டி ஆரன் அடிச்சிக்கினே வந்தான். டிரைவரு கண்ணாடியப் பாக்குறதும் மிதிக்கிறதும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

எங்க ஸ்டாப்புல முன்னாடி படில நான் எறங்கிட்டேன். பின்னாடி படில அம்மா எறங்கிக்கினு இருந்துச்சு. ஒரு கால கீழ வெச்சி, குண்டான இழுத்துச்சு. குண்டான் படிக்கட்டுக் கம்பில இடிச்சுது.

ணங். ணங்.

வண்டி கெளம்பிடுச்சு.

அதுக்கு மேல என்னால எழுத முடியல. பின் சக்கரம். அவ்ளோதான். குண்டான் மட்டும் ரோட்டுல உருண்டுக்கினே போச்சு. நான் மொதல்ல அத்தப் புடிக்கத்தான் ஓடினேன். ஏன் ஓடினேன்னு தெரியல. குண்டான் போனா அம்மா திட்டும்னு ஓடினேன் போல.

ஜனங்க கத்துன கத்துல வண்டி நின்னுச்சு. பின்னாடி வந்த வண்டி நிக்கல. எங்கம்மா கெடக்குது, பக்கத்துல ஒதுங்கிப் போயி, அடுத்த ஸ்டாப்புல நின்ன ஆளுங்கள ஏத்திக்கினு போயிட்டான். முன்னாடி வண்டி நின்னுடுச்சுல்ல. எல்லாம் அவனுக்குத்தான்.

ஒண்ணு நான் ஓயாம நெனைச்சிக்கினே இருப்பேன். அன்னிக்கி கொஞ்சம் மல்லாட்ட மீந்திருந்தா அந்த சத்தம் வந்திருக்காது. குண்டான் நெறைஞ்சிருந்தா ணங்குனு கேக்காது, தொப்புனுதான் கேக்கும். காலியா இருந்ததாலதான் கேட்டுச்சு.

ஊரு மறியல் பண்ணுச்சு. ரெண்டு வண்டியும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு கட்டையப் போட்டாங்க. போலீஸ் வந்துச்சு, கேஸ் போட்டாங்க, டிரைவரப் புடிச்சிக்கினு போனாங்க. ரெண்டு வண்டியும் நின்னுடுச்சு. கொஞ்ச நாளு எல்லாரும் எங்க வூட்டு வாசல்ல ஒக்காந்து, அந்த எமன் வண்டி நமக்கு வேணாம்னு பேசினாங்க.

அப்பறம் பேச்சு மாறுச்சு. கவர்மெண்ட் பஸ்சு காலையில ஒரு வாட்டி, அதும் வந்தா உண்டு. ஷேர் ஆட்டோக்காரன் வாய்க்கி வந்தத கேட்டான். ஸ்கூல் பொண்ணுங்க ஏரிக்கரை மேல நடந்து வர ஆரமிச்சாங்க. எனக்கு எதுத்த வூட்டு அத்த இருக்குது. அது வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயி, நாளு வுட்டு நாளு விழுப்புரத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிக்கினு போவணும். அத்த ஒரு நாளு வந்துச்சு. ஒண்ணும் கேக்கல. என் சாமானத்தையெல்லாம் எடுத்துப் போட்டு வெளக்குச்சு. அந்தக் குண்டானயும் எடுக்கப் போச்சு, நான் வேணாம்னுட்டேன். கெளம்பும்போது வாசப்படியில நின்னு, "உன்கிட்ட இத்த எப்பிடி கேக்குறதுன்னு தெரியல பொண்ணே"ன்னுச்சு.

"கேக்காத அத்த"ன்னேன்.

"சரி, கேக்கல"ன்னுட்டு அழுதுக்கினே போச்சு.

அந்த வாரமே எங்க மாமா வந்தாரு. அம்மாகூடப் பொறந்த தம்பி. அம்மாவ அடிச்ச வண்டியோட மொதலாளி சமாதானத்துக்கு வர்றாராம். வண்டி திரும்ப வுடுவாராம். ஆனா நம்ம பக்கத்துல இருந்து ஒரு வார்த்த சொல்லணுமாம். டிரைவர் மேல தப்பில்ல, எங்கம்மாதான் ரெண்டு தட்டு தட்டிட்டு எறங்குச்சுன்னு.

"செத்தவங்க மேல போட்டா என்னா இப்ப? அது திரும்ப வந்து கோவிச்சிக்கப் போவுதா?"ன்னாரு மாமா. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல. ஊர்ல எல்லாரும் அவரத்தான் புடிச்சி நச்சரிச்சாங்க. ஆனா எங்கம்மா இருந்தப்பவும் குண்டானுக்கு டிக்கெட் வாங்கினாங்க. இப்ப சாவுக்கும் அதுகிட்டயே டிக்கெட் கேக்குறாங்க.

பேச்சுவார்த்தைக்கு மொத நாளு அந்த டிரைவரே வந்தாரு. திருவாமாத்தூர் பக்கம் அவரு ஊரு. பெயில்ல வந்திருந்தாரு. பஸ்சு இல்லாததால பெரிய ரோட்டுல எறங்கி நடந்தே வந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. வாசல்ல நின்னாரு, உள்ள வரல. நான் வான்னு சொல்லவும் இல்ல.

"எம்மா, எல்லாரும் நான் பொய் சொல்றேன்றாங்க. எங்கம்மா மேல சத்தியமா ரெண்டு தட்டு கேட்டுச்சும்மா."

 கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த சத்தத்தோடதான் நான் தெனம் தூங்கப் போறேன்.

"கேட்டா கண்ணாடியப் பாக்க மாட்டீங்களா?"ன்னேன்.

"பாத்தேன்மா." துண்டால கழுத்தத் தொடைச்சாரு. "கண்ணாடில அவன் வண்டிதான் தெரிஞ்சுது. ஒட்டிக்கினு வந்தான். எறங்குற ஆளப் பாக்க கண்ணாடியப் பாத்து எவ்ளோ நாளாச்சுன்னு எனக்கே தெரியல."

அவரு அழுதாரு. எனக்கு அழுவ வரல. தண்ணி குடுத்தேன். ஏன் குடுத்தேன்னு என்ன நானே திட்டிக்கினேன்.

பேச்சுவார்த்த பால் சொசைட்டி வாசல்ல. மொதலாளி வரல, ஒரு ஆள அனுப்பியிருந்தாரு. வெள்ள சட்ட, ரெண்டு போனு. சுத்தி ஊரு ஜனம். நான் ஒருத்திதான் சின்னப் பொண்ணு. செங்கல் சூளைக்காரரு மொதல்ல எழுந்தாரு.

"இத பாருங்க, நாலு வண்டி போட்டி போட்டு ஓடுனாத்தான் ஜனத்துக்கு நல்லது. ஒருத்தன் நிக்கலன்னா இன்னொருத்தன் நிப்பான். கவர்மெண்ட்ட நம்பிக்கினு இருந்தா நாம நடந்துதான் போவணும்."

எனக்கு எங்க இருந்து வாயி வந்துச்சோ தெரியல. எங்கம்மா வாயிதான்.

"நாலு வண்டி எங்கண்ணா ஓடுது? ரெண்டும் ஒரே நேரத்துலதான ஓடுது? மத்தியானம் ஒண்ணு வருதா? பௌர்ணமிக்கி வருதா?"

"அப்ப கவர்மெண்ட் பஸ்சுல போ. யாரு வேணான்னா?"ன்னு பின்னால இருந்து ஒரு குரலு.

"அவன் நிக்கிறானா? நாங்க ஏறுனா அவனுக்கு ஒண்ணும் கெடைக்காது, அதனால நிக்க மாட்டேன்றான். இந்த பிரைவேட்காரங்களுக்கு நாங்க ஏறுற வரைக்கும்தான் வேணும். எறங்குறதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டோமே. அதனால எறங்குற வரைக்கும் நிக்க மாட்டேன்றாங்க."

 வெள்ள சட்டக்காரரு சிரிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு, "சரிம்மா, உன் கஷ்டம் புரியுது. தட்டுனது யாரு? அத்த மட்டும் சொல்லு"ன்னாரு.

மாமா என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அத்த தூரமா மரத்தாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. அன்னிக்கி அவங்க ஆஸ்பத்திரி போற நாளு. போவாம நின்னுச்சு.

"தட்டு கேட்டுது"ன்னேன். "டிரைவர் பொய் சொல்லல. ஆனா எங்கம்மா தட்டல. காலி குண்டான் கம்பில இடிச்சுது. அம்மாவுக்கு அப்ப ஒரு காலுதான் கீழ இருந்துச்சு. அத்த யாருனா திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப டிரைவர் மேல தப்பில்லன்னு பொண்ணே சொல்லிடுச்சு, எல்லாரும் கேட்டுக்கோங்க."

"நான் அப்பிடி சொல்லல. எங்கம்மா மேல தப்புன்னு எங்கயும் சொல்ல மாட்டேன். கேஸு நடக்கட்டும். பஸ்சு வரக்கூடாதுன்னும் நான் சொல்லல. வரட்டும்."

"ரெண்டும் எப்பிடிம்மா ஒண்ணா நடக்கும்?"னு கேட்டுட்டு அவரு போன எடுத்துக்கினு எழுந்துட்டாரு. பேச்சுவார்த்த முடிஞ்சிடுச்சு. போறவங்க என்னப் பாக்காம போனாங்க. மாமா மட்டும், "உங்கம்மா மாதிரியே பேஜாரு புடிச்சவ நீ"ன்னுட்டுப் போனாரு.

நான் ராத்திரி பூரா யோசிச்சேன். ஊருக்கு நான்தான் பஸ்ச நிறுத்திட்டேன்னு. அத்த வூட்டுக்காரருக்கு எதுனா ஆச்சுன்னா என் தலையிலதான்னு.

அடுத்த வாரம் பஸ்சு வந்துச்சு. மொதல்ல அந்த இன்னொரு வண்டி, எங்கம்மாவ ஒதுங்கிப் போன வண்டி, யாரையும் கேக்காம ஓட ஆரமிச்சுது. கூட்டம் அள்ளுச்சு. கட்டைய எடுத்துப் போட்டது எங்க ஊரு ஆளுங்கதான். அத்தப் பாத்துட்டு ரெண்டாம் நாளே இவனும் வண்டிய எடுத்துக்கினு வந்துட்டான். என் வார்த்தைக்காக யாரும் நிறுத்தல, என் வார்த்தைக்காக யாரும் வரவும் இல்ல. அவன் வந்ததால இவன் வந்தான். நான் என்னாத்துக்கு ராத்திரி பூரா முழிச்சிக்கினு கெடந்தேன்னு சிரிப்புதான் வந்துச்சு.

ரொம்ப மாசம் நான் அதுல ஏறல. பெரிய ரோட்டுல எறங்கி நடந்தேன். அப்பறம் ஒரு நாளு சாயங்காலம் புடிச்சிக்கிச்சி மழ. மேம்பாலத்துக்குக் கீழ அம்மா ஒக்காந்த எடத்துல வேற ஒரு பொம்பள சோளக்கருது சுட்டுக்கினு இருந்துச்சு. அங்க நிக்க முடியல. வந்த வண்டில ஏறிட்டேன். பின்னாடி படில. ஏறினப்பறம்தான் தெரிஞ்சுது, அதே வண்டி. அதே டிரைவரு. லைசென்ஸ் திரும்பக் குடுத்துட்டாங்க போல. என்னப் பாத்ததும் கண்டக்டர் பாட்ட நிறுத்தச் சொல்லிட்டாரு. 

எங்க ஸ்டாப்பு வந்துச்சு. வண்டி நின்னுச்சு. முன்னாடி படில அத்த சாப்பாட்டுத் தூக்கோட ஏறுச்சு, வூட்டுக்காரர ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்க. பின்னாடி படில கடைசி ஆளு நான். ஒரு காலு வெச்சேன். ரெண்டாவது காலும் வெச்சேன். வண்டி போவல. எல்லா தலையும் என்னப் பாத்து திரும்பியிருக்குது. கண்டக்டர் விசில வாயில வெச்சிக்கினு ஊதாம நிக்கிறாரு. மழ தண்ணி ஒழுவுற அந்தக் கண்ணாடில டிரைவரோட கண்ணு தெரியுது. என்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு.

அப்பதான் புரிஞ்சுது. நான் தட்டணும்னு நிக்கிறாங்க.

பின்னாடி வண்டி ஆரன் அடிச்சிக்கினே வந்தான். கைய தூக்கி ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டுன்னா நிக்கணும். நின்ன வண்டி நின்னுக்கினே இருந்துச்சு. அடுத்த தட்டு தட்ட கை எழும்பல. பின்னாடி வந்தவன் சேத்த வாரி அடிச்சிக்கினு எங்களத் தாண்டிப் போயிட்டான். டிரைவரு அசையல. 

அத்தைதான் ஜன்னல்ல தலைய வுட்டுச்சு. மழைல மூஞ்சி நனையுது. "தட்டு பொண்ணே. அவரு பசியோட கெடக்குறாருடி."

தட்டினேன்.

வண்டி மெள்ள, ஆளு நடக்குற மாதிரி நகந்துச்சு. ஏரிக்கரை வளைவு வரைக்கும் அப்பிடியே போச்சு. வளைவுல திரும்பினப்பறம் எனக்குத் தெரியல. ஆரன் சத்தம் மட்டும் கேட்டுச்சு, வுடாம, முன்னாடி போனவனப் புடிக்கிற மாதிரி.